நெடுந்தூரக் குதிரைக்கு ஸ்டெதஸ்கோப்பா, நெஞ்சு பெல்ட்டா, ரத்தப் பரிசோதனையா?

2024 அக்டோபரில் கிராஞ்சி மைதானத்தில் கடைசிக் குதிரைப் பந்தயமும் முடிந்துவிட்டது. இப்போது சிங்கப்பூரில் குதிரை என்றால் சேடல் கிளப்பும் போலோ கிளப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரே நாளில் 160 கிலோமீட்டர் வரை போகும் எண்ட்யூரன்ஸ் என்ற நெடுந்தூரப் பந்தயத்துக்கு இந்தத் தீவு போதாது. ஆனால் பாலம் தாண்டினால் கதை வேறு. 2008 எண்ட்யூரன்ஸ் உலக சாம்பியன்ஷிப்பே மலேசியாவின் திரெங்கானுவில்தான் நடந்தது.

நம் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் குளிராது. அதனால் குதிரை இன்னும் அதிகமாக வியர்க்கும். மனித வியர்வையில் ரத்தத்தைவிட உப்பு குறைவு. குதிரையின் வியர்வையிலோ ரத்தத்துக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ உப்பு இருக்கும். நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தம் உப்பேறுவதில்லை, தாகமும் எடுப்பதில்லை. நீர் வற்றிப்போன குதிரை வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது இதனால்தான். இப்படி வற்றிப்போனதை ஸ்டெதஸ்கோப், நெஞ்சு பெல்ட், ரத்தப் பரிசோதனை மூன்றில் எது முதலில் கண்டுபிடிக்கும் என்பதுதான் போட்டி.

என் ஓட்டு ஸ்டெதஸ்கோப்புக்கே. பந்தயத்தின் இடையே கால்நடை மருத்துவர் சோதிக்கும் வெட் கேட்டில், துடிப்பு குறித்த நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். பொதுவான வரம்பு நிமிடத்துக்கு 64. அது மட்டும் போதாது என்பதற்காகத்தான் ரிட்ஜ்வே சோதனை இருக்கிறது. துடிப்பை எண்ணி, 40 மீட்டர் போக 40 மீட்டர் வர டிராட் என்ற மிதமான ஓட்டத்தில் ஓடவிட்டு, ஓட ஆரம்பித்ததிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுவார்கள். 60 மறுபடி 60 என்றால் சரி. 60 போய் 68 ஆனால், நிற்கும்போது நன்றாகத் தெரிந்த குதிரைக்குள் ஏதோ ஓடுகிறது. அதே கருவியை விலாவுக்குப் பின்னால் வைத்தால் குடல் சத்தமும் கேட்கும். குடல் அமைதியாகிவிட்டால், துடிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்பமாட்டேன். இதோடு ஈறைப் பார்ப்பது, தோலைக் கிள்ளிப் பார்ப்பது, விலா இதயத்தோடு சேர்ந்து வெட்டி வெட்டி இழுக்கிறதா என்று கவனிப்பது. அப்படி இழுத்தால் கால்சியம் முதலான உப்புகள் குலைந்துவிட்டன என்று அர்த்தம்.

துடிப்பை அளக்கும் நெஞ்சு பெல்ட் பயிற்சிக்கு அருமை. மேட்டில் எவ்வளவு ஏறுகிறது, நின்றதும் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஓட்டத்தின் நடுவிலேயே காட்டும். கால்நடை மருத்துவரிடம் குதிரையை எப்போது கொண்டுபோகலாம் என்று தீர்மானிக்கவும் உதவும். ஆனால் சேணத்துக்கு அடியில் நகர்ந்தால் உளறும், குடலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் சிக்கலாகிறது. சிவப்பணு விகிதம் ஏறியிருந்தால் நீர் வற்றியதாக எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. ஓடினாலோ மிரண்டாலோ குதிரையின் மண்ணீரல் சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டிவிடும். மொத்தப் புரதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். குளோரைடு, பொட்டாசியம், கால்சியம் பார்ப்பதில் இதற்கு ஈடு கிடையாது. வியர்வையில் குளோரைடு போவதால் ரத்தம் பெரும்பாலும் காரத்தன்மை பக்கம் சாயும். அதனால்தான் காரத்தன்மையுள்ள சோடா உப்பு கலந்து கொடுக்கும் யோசனை இங்கே ஆபத்து. ஆனால் களத்திலேயே ரத்தத்தைச் சோதிக்கும் கையடக்கக் கருவிகளில் சில 30 டிகிரிக்கு மேல் வேலை செய்யாது. நம் மதிய வெயிலில் அதற்கு முதலில் ஏசி கூடாரம் தேட வேண்டும்!

கடும் ஓட்டத்தில் தசை வெளியிடும் லாக்டேட்டை ரத்தத்தில் அளக்கும் மீட்டர் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அது வெறித்தனமாகப் பாயும் பந்தயக் குதிரைக்கு. சீராக ஓடும் எண்ட்யூரன்ஸ் குதிரைக்கு லாக்டேட் பெரிதாக ஏறாது; களைத்துப்போன நிலையிலும் எண் நன்றாகவே காட்டும். அந்தக் காசுக்கு நல்ல ஸ்டெதஸ்கோப்பும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்குங்கள்.