கொடைக்கானல் ஏரி: இ-பாஸ் முதல் துடுப்புப் படகு வரை

கொடைக்கானல் ஏரியின் தண்ணீரை ஏரிக்குப் போகும் முன்பே வழியில் பார்த்துவிடலாம். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மலை ஏறினால், ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சி வரும். சுமார் 180 அடி உயரத்திலிருந்து பாறையில் இறங்குவது ஏரி நிரம்பி வெளியேறும் நீர்தான். எல்லா வண்டியும் அங்கே நிற்கிறது, எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் இது ஏரித் தண்ணீர் என்பது எங்கள் வண்டியில் யாருக்கும் தெரியவில்லை. வத்தலக்குண்டிலேயே பிறந்து வளர்ந்த மாமாவுக்கும்தான்.

மெல்போர்னில் இருந்து விடுமுறைக்கு வந்த இடத்தில் அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனோம். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு அங்கே என்னென்ன வசதி இருக்கிறது, எது சரியில்லை என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும். கூடவே அந்த ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வசதியையும் குறையையும் அதை வைத்துத்தான் எடை போட முடியும்.

முதலில் இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டி கொண்டுபோக இணையத்தில் வாங்கும் அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். உள்நாட்டு எண் இருந்தால் கைப்பேசியில் ஓடிபி வரும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதியலாம். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம், எந்தத் தேதி என்று கேட்கிறது, உடனே க்யூஆர் கோடு வந்துவிடுகிறது. அரசுப் பேருந்தில் போனால் இது எதுவும் தேவையில்லை. கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள், அதனால் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறவர்கள் விமான டிக்கெட் போட்ட கையோடு இதையும் கவனித்துக்கொள்வது நல்லது.

வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் உள்ள சோதனைச் சாவடியில் பாஸை ஸ்கேன் செய்தார்கள். அதோடு பிளாஸ்டிக் பாட்டில் சோதனையும் நடந்தது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில்களுக்கு மலையில் தடை; பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எங்களுக்கு முன்னால் நின்ற வேனில் ஒரு பெண் ஊழியர் கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் குனிந்து, முறுக்குப் பைக்கும் செருப்புக்கும் நடுவே கிடந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். உள்ளே இருந்த பெரியவர் கோபப்பட்டார். "நீங்க குடிச்சிட்டுப் போட்டா மழையில உருண்டு ஏரிக்குத்தாங்கய்யா போகும்" என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். அந்த வேலையை அவ்வளவு அக்கறையோடு செய்கிறவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் போகும்போது வீட்டில் இருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மறுபடி நிரப்பிக்கொள்ள நாங்கள் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது, கடைசியில் தங்கிய விடுதியில்தான் நிரப்பினோம்.

இனி ஏரி. இது இயற்கையாக அமைந்த ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவின்ஜ் என்பவர் 1863-ல் மூன்று ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். அதற்கு முன் இங்கே பள்ளத்தாக்கும் சதுப்பும்தான். ஓடைகள் வந்த தாழ்வுகளுக்குள் தண்ணீர் விரல் விரலாக ஏறி நின்றுவிட்டது, ஏரிக்கு நட்சத்திர வடிவம் வந்தது இப்படித்தான். பரப்பு சுமார் 60 ஏக்கர், சுற்றுச்சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். 60 ஏக்கர் என்பது நம் ஊர்ப்பக்கக் கண்மாய்களோடு வைத்துப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் கரை உள்ளே போய் வெளியே வந்து வளைவதால் எந்த இடத்தில் நின்றாலும் ஏரி முழுதாகக் கண்ணில் படாது. முழு வடிவத்தையும் பார்க்க வேண்டுமென்றால் அப்பர் லேக் வியூ மேட்டுக்கு ஏற வேண்டும்.

லெவின்ஜ்தான் ஏரியில் மீனும் விட்டார், முதல் படகைத் தூத்துக்குடியில் இருந்து வரவழைத்தார். இதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கொடை ரோடு ரயில் நிலையமே 1875-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் மலையேற வந்தவர்கள் அடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டியில் போய், அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோதான் ஏறினார்கள். அப்படியானால் அந்தப் படகும் மனிதர்களின் தோளில்தான் ஏழாயிரம் அடி ஏறியிருக்க வேண்டும். லெவின்ஜ் பெயர் எழுத்தில் இருக்கிறது. மண் சுமந்தவர்கள், படகு தூக்கியவர்கள் பெயர் எதுவும் மிஞ்சவில்லை.

படகுச் சங்கம் 1890-ல் தொடங்கியது. சுற்றுலா வருகிற பொதுமக்களும் படகில் ஏறலாம் என்று ஆனது 1932-ல். இன்றைக்குப் படகுத்துறையில் மிதிபடகும் துடுப்புப் படகும் கிடைக்கின்றன. வார நாளில் காலையிலேயே போனதால் வரிசை சீக்கிரம் நகர்ந்தது, உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் கொடுத்தார்கள், சின்னவனுக்கு அளவு பார்த்து மாற்றியும் கட்டிவிட்டார்கள். இந்த விஷயத்தில் முழு மதிப்பெண் கொடுப்பேன். பெரியவர்களோடு போனால் படகோட்டியோடு வரும் துடுப்புப் படகையே எடுங்கள். மிதிபடகில் முட்டி வலிதான் மிச்சம்.

எங்கள் படகை ஓட்டிய அண்ணன் கரையோரம் ஒதுங்கும்போது துடுப்பைத் தூக்கிக் காட்டினார். பச்சை நாரைப் போல நீர்ச்செடி அதில் சுற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்தது. ஒரு கையால் அதை உருவிப் படகுக்குள்ளேயே போட்டார். "திருப்பித் தண்ணியில போட்டா மறுபடி வேர் பிடிச்சிரும் சார்" என்றார். சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கலந்தால் நீரில் உரச்சத்து கூடும், செடி இன்னும் வேகமாகப் படரும். ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகள் முழுக்கக் கட்டடங்கள். அவற்றின் கழிவு நீர் எங்கே போகிறது என்பதுதான் இந்த ஏரியின் ஆயுளைத் தீர்மானிக்கப்போகிறது. "எல்லா விடுதிக்கும் ஒழுங்கா பைப் போட்டாப் போதும், இந்தச் செடி பாதி குறைஞ்சிரும்" என்று அந்த அண்ணன் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

மீனைப் பற்றி மாமா கேட்டார். அதற்குப் பின்னால் கசப்பான கதை ஒன்று உண்டு. 1980-களில் வந்த தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவை ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் போட்டது தெரியவந்து, ஊர்க்காரர்களும் சூழல் அமைப்பும் போராடி, 2001-ல் மூடப்பட்டது. ஆலை இருந்த மலைச்சரிவு இறங்குவது பாம்பார் சோலைக் காட்டுப் பக்கம், ஏரிப் பக்கம் இல்லை. ஆனாலும் பாதரச ஆவி காற்றில் பரவியது. ஏரியின் நீரிலும் அடிமண்ணிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. பிள்ளைகளுக்கு இதைப் படகில் வைத்தே சொன்னேன். அழகான இடத்தைக் காட்டும்போது அதற்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.

சுற்றுச்சாலை நடையை யாரும் தவறவிட வேண்டாம். வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது, குதிரையும் உண்டு, ஆனால் நடப்பதே சிறப்பு. அதிகாலையில் புதர்களுக்குள் ஒரு குருவிக் கூட்டம் மாற்றி மாற்றிக் குரல் கொடுக்கும். அது பழனி மலையிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டுமே வாழும் சிரிப்பான். அதன் அறிவியல் பெயரில் இருப்பவர், இந்த மலையில் பறவைகளைத் தேடித் திரட்டிய ஃபேர்பாங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். காட்டெருமை சாலைக்கே வந்துவிடும். அப்படி வந்தால் செல்ஃபி எடுக்கக் கிட்டே போகாமல் ஒதுங்கி நில்லுங்கள். ஜனவரி என்றால் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள ஜிம்கானா பகுதிப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், விடியும் முன்பே போனால்தான் பார்க்கலாம்.

குறை என்று பார்த்தால், நடைபாதையை விழுங்கி நிற்கும் வண்டிகள். பிற்பகலில் அம்மாவைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போகவே சிரமமாக இருந்தது. நாங்கள் போன கழிப்பறை ஒன்றில் காசு வாங்கினார்கள், ஆனால் தண்ணீர் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. வயதானவர்களும் பெண் பிள்ளைகளும் வரும் இடத்தில் இதைச் சகித்துக்கொள்ளக் கூடாது. அங்கேயே புகார் சொன்னேன், நீங்களும் சொல்லுங்கள். கார்டு எல்லா இடத்திலும் எடுபடாது, சின்னக் கடைகளில் ஜிபே அல்லது ரொக்கம்தான். வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணில் யூபிஐ வேலை செய்ய வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கை முன்கூட்டியே இணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பத்து, இருபது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பூண்டு வாங்குவதாக இருந்தால் ஏரிக்கரையில் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கலாம்.

படகுத்துறையில் கட்டணப் பலகை பெரிதாக இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு பலகை வைக்கலாம்: மூன்று ஓடைகள் எந்தெந்தப் பக்கமிருந்து வருகின்றன, கரை எங்கே இருக்கிறது, வழிகிற நீர் எந்த அருவியாக விழுகிறது என்று தமிழில் ஒரு வரைபடம். நகராட்சிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனிப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை போகும்போது நீங்களும் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டு வாருங்கள்.