‘இயற்கை விட்டமின் ஈ’ வாங்குகிறீர்களா? பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் இலைப் படம், ‘100% இயற்கை’ என்று கொட்டை எழுத்து. பாட்டிலைத் திருப்பினால் உட்பொருள் வரியில் கடுகு அளவு எழுத்தில் ‘டிஎல்-ஆல்ஃபா டோகோஃபெரில் அசிடேட் 400 மி.கி.’ என்று இருக்கும். அது ஆலையில் செய்த செயற்கை விட்டமின். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 400 மி.கி. விட்டமின் ஈ கேப்சூலில் பெரும்பாலும் இருக்கும் அதே சரக்கை, இயற்கை என்று சொல்லி பல மடங்கு விலைக்குத் தலையில் கட்டுகிறார்கள். பணம் போவது ஒரு பக்கம், உடம்புக்கு வரும் கேடு இன்னொரு பக்கம்.

முதலில் அந்த எழுத்தைப் பிடியுங்கள். பெயருக்கு முன்னால் ‘டி’ (d) மட்டும் இருந்தால், அல்லது ‘ஆர்ஆர்ஆர்’ (RRR) என்று இருந்தால், தாவர எண்ணெயிலிருந்து எடுத்தது. ‘டி’யுடன் ‘எல்’ சேர்ந்திருந்தாலோ (dl), ‘ஆல்-ரேக்’ (all-rac) என்று இருந்தாலோ செயற்கை. ‘அசிடேட்’ என்ற சொல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இயற்கையானதும் அசிடேட்டாக வரும், கெட்டுப்போகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது.

இந்த ஒரு எழுத்தில் என்ன இருக்கிறது? செயற்கையில் எட்டு வகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். கல்லீரல் அவற்றில் பாதியைத்தான் ரத்தத்தில் தக்கவைக்கும், மீதியைக் கழித்துவிடும். அதனால் 400 மி.கி., அதாவது 400 யூனிட் (ஐ.யூ. என்ற சர்வதேச அலகு) செயற்கை அசிடேட்டில் உடம்புக்குக் கணக்காவது சுமார் 180 மி.கி. மட்டுமே. அதே 400 யூனிட் இயற்கையானதில் 268 மி.கி. இயற்கை விலை கொடுத்துச் செயற்கையை வாங்குவதன் நஷ்டம் இதுதான்.

அந்த 180 மி.கி.யும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பரிந்துரையின்படி பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 15 மி.கி. போதும். ஒரு கேப்சூலிலேயே 12 நாள் தேவைக்கான அளவு இருக்கிறது. ‘தினமும் ஒன்று, ஆறு மாதம் விடாமல்’ என்று பார்லரில் சொல்வதை நம்பி விழுங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். விட்டமின் ஈ கொழுப்பில் கரைவது. விட்டமின் சி போல மிஞ்சியது சட்டென்று சிறுநீரில் போய்விடாது. அமெரிக்காவில் 35,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், தினம் 400 யூனிட் செயற்கை விட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011-இல் தெரியவந்தது. தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் தொடங்கிய ஆய்வு அது!

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ ஆஸ்பிரினோ சாப்பிடும் அப்பா அம்மாவுக்கு ‘சத்து மாத்திரைதானே’ என்று இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிக அளவு விட்டமின் ஈயும் ரத்தம் உறைவதைக் குறைக்கும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு என்று தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

கேப்சூலை ஊசியால் குத்தி முகத்தில் தடவுவது இன்னொரு ஏமாற்றம். 1999-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆபரேஷன் தழும்பின் ஒரு பாதியில் விட்டமின் ஈ கலந்த களிம்பையும் மறு பாதியில் வெறும் களிம்பையும் தடவிப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தழும்பில் நன்மை இல்லை, அல்லது முன்னைவிட மோசம். மூன்றில் ஒருவருக்குத் தோல் அரித்துத் தடித்தது. உள்ளே இருப்பது பிசுக்கென்ற கெட்டி எண்ணெய். பரு வரும் முகத்தில் இரவெல்லாம் அது கிடந்தால் துவாரம் அடைபடும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்தால் கதை வேறு. நீரிழிவு இல்லாத சிலருக்குக் கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்காகவும், குடலில் கொழுப்பு உறிஞ்சப்படாத நோய்களுக்காகவும் இதைக் கொடுப்பார்கள். அப்போது வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும். மற்றவர்களுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பாதாமில் 7 மி.கி., ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் 5 மி.கி.க்கு மேல் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெயில் மட்டும் இது இல்லை என்றே சொல்லலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சீலை உடைக்காதீர்கள். உடைத்துவிட்டால் திருப்பி எடுக்க மறுப்பார்கள். முன்பக்கம், பின்பக்கம், பில் மூன்றையும் படம் எடுத்து, ‘இயற்கை என்று எழுதியிருக்கிறது, உள்ளே டிஎல்’ என்று கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.