சோர்ஸிலிருந்து குரோமேக்ஸ்: 2016 முதல் இன்று வரை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். புரதமும் தண்ணீரும் அணு அணுவாக எப்படி அசைகின்றன என்று கணக்கிட்டுக் காட்டும் குரோமேக்ஸை 2016-லிருந்து ஓட்டுகிறேன். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச மென்பொருள். ஒவ்வொரு முறையும் சோர்ஸை, அதாவது மூல நிரலை, இறக்கி, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு நானே மாற்றி, அதாவது கம்பைல் செய்துதான் போடுகிறேன். "ஆப்ட்ல ஒரே வரியில வந்துருதே, என்னத்துக்கு சார் இந்தப் பாடு?" என்று மாணவர்கள் கேட்காத வருசம் கிடையாது.

ஆப்ட் என்பது உபுண்டு லினக்ஸில் ஏற்கெனவே கம்பைல் செய்துவைத்த மென்பொருளை இறக்கிப் போடும் கட்டளை. கேள்வி நியாயமானதுதான். முதலில் நானும் ஆப்ட்டில்தான் போட்டேன். ஓட்டம் தொடங்கியதும் லாக் கோப்பிலேயே அது முறையிட்டது: என்னைக் கட்டியது எஸ்எஸ்இ2-க்கு, இந்தக் கணினி ஏவிஎக்ஸ்2 வரை தாங்குமே என்று. இரண்டும் ஒரே வீச்சில் பல எண்களைக் கணக்கிட ப்ராசசரில் இருக்கும் கட்டளைத் தொகுதிகள், ஏவிஎக்ஸ்2 புதியது. உபுண்டு தரும் தொகுப்பு பழைய ப்ராசசர்களிலும் ஓடியாக வேண்டும், அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளைகளோடு நின்றுவிடுகிறது. எஸ்எஸ்இ2 ஒரு வீச்சில் நாலு எண்களைக் கணக்கிட்டால் ஏவிஎக்ஸ்2 எட்டைக் கணக்கிடும். நானே கம்பைல் செய்த பிறகு, சாயங்காலம் ஓடவிட்டு மறுநாள் மத்தியானம் முடிகிற வேலை காலைக் காப்பிக்கு முன்னாலேயே முடிந்து கிடந்தது. அன்றிலிருந்து என் வேலைக்கு ஆப்ட் பக்கம் போகவில்லை.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. கோப்பை அவிழ்த்து, பில்ட் என்று தனி ஃபோல்டர் போட்டு, உள்ளே போய் சிமேக் (கணினிக்கேற்ப ஏற்பாடு செய்வது), மேக் (கம்பைல் செய்வது), மேக் செக் (சரியாகக் கணக்கிடுகிறதா என்று சோதிப்பது), மேக் இன்ஸ்டால் (நிறுவுவது). ஃபூரியர் மாற்றக் கணக்குகளுக்கான எஃப்எஃப்டிடபிள்யூ நிரல் நூலகத்தைத் தானே இறக்கிக் கட்டிக்கொள்ளும் தெரிவை சிமேக்கிலேயே கொடுத்துவிட்டால் ஒரு தலைவலி குறையும். மேக் செக்கை மட்டும் தாண்டாதீர்கள். தப்பாகக் கணக்குப் போடும் வேகமான நிரலை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இடறினதெல்லாம் சுற்றியுள்ள சாமான்களில்தான். குரோமேக்ஸின் 2021 பதிப்பு சிமேக் 3.13 கேட்டது, உபுண்டு 18.04-இல் இருந்ததோ 3.10. புதிய சிமேக்கைத் தனியாக இறக்கி ஹோம் ஃபோல்டரில் வைத்துச் சமாளித்தேன். லேபில் 4 ஜிபி ரேம் கணினியில் ஆசைப்பட்டு மேக்குக்கு மைனஸ் ஜே 8 (ஒரே நேரத்தில் எட்டு வேலை) கொடுத்தேன். பாதியில் 'கில்டு' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கம்பைலர் படுத்துவிட்டது. எட்டு கம்பைலரும் சேர்ந்து ரேமைத் தின்றால் வேறென்ன ஆகும்? 2 என்று குறைத்ததும் மெதுவாக முடிந்தது. ஒரு பையன் என் கணினியில் கட்டியதைப் பென் டிரைவில் எடுத்துப்போய்ப் பழைய லேப் கணினியில் போட்டான். "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு சொல்லி நின்னு போயிட்டு சார், நான் எதுவும் தப்பா பண்ணல" என்று மூச்சிரைக்க வந்து நின்றான். அந்த ப்ராசசருக்கு ஏவிஎக்ஸ்2 தெரியாது, அவ்வளவுதான். அங்கேயே மறுபடி கம்பைல் செய்யச் சொன்னேன், சரியாகிவிட்டது.

மறக்க முடியாதது 2023 டிசம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை, வெளியே விடாத மழை, உள்ளே மேக் எழுபது சதவீதம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போனது. யூபிஎஸ் சில நிமிடம் தாங்கிவிட்டுக் கையை விரித்தது. அப்புறம் தாமிரபரணி ஊரைச் சூழ்ந்த கதை உங்களுக்குத் தெரியும். கம்பைல் யார் நினைவிலும் இல்லை. மூன்று நாள் கழித்து எங்கள் தெருவுக்கு வெளிச்சம் வந்தபோது மேக்கை மறுபடி தட்டினேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, சந்தோஷம். ஆனால் கடைசியில் கம்பைல் ஆன பகுதிகளை ஒன்றாக இணைக்கும்போது, அதாவது லிங்க் செய்யும்போது, ஏதோ ஒரு கோப்பு துண்டாகிக் கிடக்கிறது என்றது. போய்ப் பார்த்தால் கரண்டு போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைல் ஆன பகுதிகள்) பூஜ்யம் பைட்டில் இருந்தன. மேக் தேதியைத்தான் பார்க்கும், வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. இரண்டையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன், முடிந்தது.

இப்போதெல்லாம் பதிப்பு எண் போட்ட தனித்தனி ஃபோல்டரில் நிறுவுகிறேன், பழையதை அழிப்பதில்லை. ஆய்வின் நடுவில் பதிப்பை மாற்றினால் முந்தைய எண்களோடு ஒப்பிடுவது பெரும்பாடு. வகுப்பில் செய்து காட்ட மட்டும் என்றால் ஆப்ட்டே போதும். புது மாணவர்களுக்கு முதல் செமஸ்டர் முழுக்க அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.