உயிர்வேதியியலுக்கு ஆள் பிடித்துத் தரும் அஞ்சு ரோடு ஏஜென்சி எப்படி?

சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் கல்லூரிகளுக்கு ஆசிரியர் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். எங்கள் துறைக்கு ஒரு உதவிப் பேராசிரியர், உயிர்வேதியியல், பாடமும் நடத்த வேண்டும் ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்று நிர்வாகம் அவர்களிடம்தான் சொன்னது.

வேகத்தில் குறையே இல்லை. சொன்ன வாரத்திலேயே பயோடேட்டா வந்து குவிந்துவிட்டது, போன் அடித்தால் எடுக்கிறார்கள், இன்டர்வியூவுக்கு வருகிறேன் என்றவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

ஆனால் வந்ததில் பாதி மைக்ரோபயாலஜி, பயோடெக். கேட்டால் "எல்லாம் லைஃப் சயின்ஸ்தானே சார்" என்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் உயிர்வேதியியலுக்குத் தனித்தாள் கிடையாது, எல்லோரும் சிஎஸ்ஐஆர் லைஃப் சயின்சஸ் தாளைத்தான் எழுதுகிறார்கள், சான்றிதழை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாதுதான். எம்எஸ்சி என்ன படித்தார் என்று ஒரு வரி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதைவிட எரிச்சல், கட்டுரை எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தி அனுப்பியது. கல்லூரிகளில் இன்டர்வியூவுக்கு ஆள் பிரிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் போட்ட மதிப்பெண் பட்டியலிலேயே பிஎச்டிக்கு 25, கட்டுரைகளுக்கு எத்தனை இருந்தாலும் 6தான். பட்டியலில் முதலில் நின்றவரை லேபுக்குக் கூட்டிப்போய் பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) போடச் சொன்னோம். மோனோபேசிக், டைபேசிக் என்ற இரண்டு பாஸ்பேட் உப்புகளில் எது அதிகம் வேண்டும் என்றே சொல்ல வரவில்லை (டைபேசிக்தான், இரண்டும் சமமாக இருக்கும் பிஎச், அதாவது பிகேஏ, 7.2 பக்கம்தானே, 7.4 அதற்கு மேலே). ஆராய்ச்சி என்ன செய்வீர்கள் என்றதற்கு எலியில் சர்க்கரை நோய் என்றார். எங்களிடம் விலங்குக் கூடமும் இல்லை, விலங்கு ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவும் இல்லை, இருக்கிறதா என்று அவர் கேட்கவும் இல்லை.

அதே பட்டியலின் கடைசியில் இருந்த பெண்ணைத்தான் எடுத்தோம். டெமோ வகுப்புக்கு எச்சில் அமிலேஸ், ஸ்டார்ச், அயோடின் வைத்து நிறம் போவதைக் காட்டி, அங்கிருந்து கேஎம், விமேக்ஸ் என்கிற நொதி வேகக் கணக்கு வரை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார். ஆராய்ச்சிக்குச் சொன்னது சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி, கிழங்கில் மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கை. குச்சிக்கிழங்கு ஊர் இது, திப்பிக்கு இங்கே பஞ்சமே கிடையாது, அதில் மிச்சமிருக்கும் ஸ்டார்ச்சை அமிலேஸ் எவ்வளவு உடைக்கிறது என்று பார்க்க நிறத்தின் அடர்த்தியை அளக்கும் எங்கள் பழைய கலரிமீட்டரே போதும் என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே முடிவாகிவிட்டது.

ஆக நல்ல ஆள் அவர்களிடம் இருக்கிறார்கள், பிரித்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. இவர்களிடம் கேட்கப் போகிறவர்கள் நடத்த வேண்டிய பாடங்கள், செய்ய வேண்டிய பிராக்டிகல், லேபில் என்னென்ன இருக்கிறது என எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், வரிசைப்படுத்தாமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் கட்டணம். கல்லூரியிடம் ஒரு பைசா வாங்குவதில்லை, சேருகிறவரின் முதல் மாதச் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறார்கள். யுஜிசி சொல்லும் 57,700 அடிப்படைச் சம்பளம் எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரியில் கிடைக்கிற மாதிரி! கிடைப்பதிலும் பாதி போனால் அந்தப் பெண் ஹாஸ்டலுக்கு எதைக் கட்டுவார்? அந்தக் கட்டணத்தை நிர்வாகமே கொடுக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.