பழைய வழு அறிக்கைகள்: மூடும் ஃபெடோராவும் காக்கும் டெபியனும்

லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோராவின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு உண்டு; அது முடிந்ததும், அந்தப் பதிப்பின்மேல் பதிவாகித் தீராமல் கிடக்கும் வழு (மென்பொருள் பிழை) அறிக்கைகள் மொத்தமாக மூடப்படுகின்றன. புதிய பதிப்பிலும் வழு நீடித்தால் பதிப்பு எண்ணை மாற்றுமாறு முன்கூட்டியே அறிவிப்பு வரும். நேரமில்லாத பராமரிப்பாளருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால், பிழைச்செய்தியைப் படியெடுத்து, வழுவை மீண்டும் வரவழைக்கும் வழியை ஒவ்வொரு படியாக எழுதி அனுப்பிய ஒருவர், எவரும் பதில் சொல்லாமலேயே தம் அறிக்கை மூடப்பட்டதைக் கண்டால், அடுத்த முறை எழுத முன்வருவாரா?

இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் வெளியீட்டின் ஆயுள் முடிந்ததென்று இப்படி மொத்தமாக மூடுவதில்லை. தீவிரத்தை வைத்தே முன்னுரிமை அமைகிறது. ‘கிரிட்டிக்கல்’, ‘கிரேவ்’, ‘சீரியஸ்’ என்று குறிக்கப்பட்டவை அடுத்த வெளியீட்டையே தடுக்கக்கூடியவை. ‘விஷ்லிஸ்ட்’ எனப்படும் விருப்பக் கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம். திருத்தும் எண்ணம் இல்லையென்றால் ‘வோன்ட்ஃபிக்ஸ்’ என்ற குறி அதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது என்பது உண்மையே. ஆயினும் அதே வழுவில் சிக்கும் அடுத்தவருக்கு, பழைய அறிக்கையின் அடியில் யாரோ எழுதிவைத்த மாற்றுவழி கைகொடுக்கிறது.

நான் டெபியனின் வழியையே விரும்புகிறேன். இரண்டே பேர் தங்கள் மாலைப்பொழுதைக் கொடுத்து நடத்தும் சிறு திட்டமானால், மீண்டும் திறக்கும் உரிமையை அறிக்கையாளரிடமே விட்டுவிட்டு, முன்னறிவிப்புடன் மூடுவதில் தவறில்லை.