தொடுதிரையா, துளையிட்ட பேனலா: வீட்டு காக்பிட்டில் எது கை கொடுக்கும்?

இறங்க இன்னும் பத்து மைல். ஓடுபாதை எதிரே தெரிகிறது. கண்ணை அதிலிருந்து எடுக்காமல் வேகத்தைப் பத்து நாட் குறைக்க வேண்டும். நிஜக் குமிழ் இருந்தால் கை தானாகப் போய்ப் பிடிக்கும். பத்து ‘டிக்’ எண்ணித் திருப்பினால் வேலை முடிந்தது. தொடுதிரையில் அதே வேலைக்குத் தலை குனிய வேண்டும், குமிழின் படத்தைத் தேட வேண்டும், விரல் சரியான இடத்தில்தான் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். நிமிர்வதற்குள் விமானத்தின் மூக்கு எங்கேயோ போயிருக்கும்.

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் வீட்டு சிமுலேட்டருக்கு, விமானி அறையில் இருப்பதுபோல் பேனல் செய்ய நினைப்பவர்கள் எது அசல் மாதிரி தெரியும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் வேறு கேள்வியில் தொடங்குவேன்: பறக்கும்போது பார்க்காமலே எதையெல்லாம் தொட வேண்டியிருக்கும்?

இது புதிய கேள்வி ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 போன்ற அமெரிக்க விமானங்களை இறக்கியபின், ஃபிளாப்பை (இறக்கையின் பின் ஓரத்தில் நீட்டி மடக்கும் தகட்டை) மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்ட விமானிகள் இருந்தார்கள். இரண்டு கட்டுப்பாடுகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி. உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ், சக்கரத்துக்கான முனையைச் சக்கர வடிவிலும் ஃபிளாப்புக்கானதை ஆப்பு வடிவிலும் மாற்றச் சொன்னார். பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் 25.781 என்ற பிரிவு இன்றும் இந்த வடிவங்களைக் கேட்கிறது. கண்ணாடித் திரையில் வரைந்த லீவரில் விரலுக்கு அந்த வடிவம் கிடைப்பதில்லை.

அதற்காகத் தொடுதிரையை ஒதுக்கிவிட முடியாது. ஏர் மேனேஜர் போன்ற மென்பொருளில் ஒரு மாலைக்குள் முழு பேனலையும் திரையில் அடுக்கிவிடலாம். இன்று ஏர்பஸ், நாளை போயிங் என்று மாற்றிக்கொள்ளலாம். இதில் இன்னொரு சிக்கல், பேனலைத் தொட்டதும் விண்டோஸ் கவனம் அந்தப் பக்கம் போய்விடுவது. அடுத்த விசையழுத்தம் சிமுலேட்டருக்குப் போகாமல் நிற்கும். தலைக்கு மேலுள்ள ஓவர்ஹெட் பேனலை எப்படியும் அண்ணாந்து பார்த்துத்தான் இயக்குகிறோம், அதிலும் பெரும்பாலும் தரையில் நிற்கும்போது. அங்கே தொடுதிரை இருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடியின் கதை வேறு. ஆழம், அளவு, ஜன்னல் வழியே தெரியும் இறக்கை என எல்லாமே அதில் அசல். உங்கள் கை மட்டும் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாது. நிஜக் குமிழ்களையும் சேர்த்து வைப்பதானால், படத்தில் இருக்கும் இடமும் மேசையில் இருக்கும் இடமும் விரற்கடை பிசகாமல் பொருந்த வேண்டும். பேனல் செய்யவே வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழி. நமக்கு அது பேச்சே இல்லை.

மூன்றாவது வழி, மானிட்டரை உள்ளே வைத்து அதன் முன்னால் துளையிட்ட பேனலை நிறுத்துவது. எனக்குப் பிடித்தது இதுதான், பாடு அதிகம் வாங்குவதும் இதுதான். போயிங் 737 என்ஜியில் கிட்டத்தட்ட சதுரமான ஆறு திரைகள். கேப்டன் பக்கத்து இரண்டு சதுரங்களுக்கும் பின்னால் ஒரே அகலத்திரை மானிட்டர் போதும். வரைபடத்தில் எல்லாம் அழகாகப் பொருந்தும். ஆனால் இரண்டு சதுரங்களுக்கும் நடுவில் உள்ள பட்டையில் ஒரு குமிழ் வைக்கப் போனால், பேனலுக்குப் பின்னால் நீளும் அதன் உடம்புக்கு இடம் இருக்காது, மானிட்டர் முட்டும். மானிட்டரைப் பின்னால் தள்ளினால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் படத்தின் ஓரம் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பின்பக்கம் தட்டையான என்கோடர் (குமிழ் திரும்புவதை எண்ணிக் கணினிக்குச் சொல்லும் பாகம்) தேடுவதா, மானிட்டரின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி எறிவதா, பட்டைக்கு இரு பக்கமும் தனித்தனிச் சிறு திரைகள் வைப்பதா என்பதை முதல் துளை போடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், ஐபிஎஸ் வகைத் திரையாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான டிஎன் திரையைச் சாய்வாகப் பார்த்தால் நிறம் வெளுத்து, வானத்தின் நீலம் வேறு எதுவோ போலத் தெரியும்.

சரி, எந்த விமானம்? வீட்டில் செய்பவருக்கு இது ரசனையை விட உழைப்பைப் பற்றிய கேள்வி. 1987-ல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ320-ஐயும், பத்து வருடம் கழித்து வந்த 737 என்ஜியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும்.

737-இன் ஓவர்ஹெட்டில் பெரும்பாலும் நெம்பும் சுவிட்சுகள். மேலே, கீழே என்று பெரும்பாலானவை தன் நிலையைத் தானே பிடித்து நிற்கும். கை வைத்தால் சுகம், வயர் இழுத்தால் தலைவலி. நேற்று விமானத்தை ஓடுபாதையில் நிறுத்தியபடியே சிமுலேட்டரை அணைத்துவிட்டு, இன்று எல்லாம் அணைந்த நிலையில் புதிதாகத் தொடங்குகிறீர்கள். சிமுலேட்டரில் எரிபொருள் பம்புகள் ஆறும் ஆஃப். உங்கள் பேனலில் ஆறும் ஆன். கணினிக்கு அனுப்பும் கட்டளை ‘மாற்று’ என்ற வகையாக இருந்துவிட்டால், சுவிட்சை ஆஃபுக்குத் தள்ளும்போது பம்பு ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகு அந்தச் சுவிட்ச் காலம் முழுக்கத் தலைகீழ்தான். ‘ஆன் ஆக்கு’, ‘ஆஃப் ஆக்கு’ என்று தனித்தனிக் கட்டளைகள் கொடுத்து, தொடங்கியதும் எல்லா சுவிட்சின் நிலையையும் ஒருமுறை படித்து அனுப்பும்படி வைத்தால்தான் நிம்மதி.

ஏ320-இல் பெரும்பாலும் அழுத்து பொத்தான்கள். விளக்கு எரியாவிட்டால் எல்லாம் சரி என்று பொருள். விமானிகள் இதை ‘டார்க் காக்பிட்’ என்பார்கள். அசல் விமானத்தில் பல பொத்தான்கள் உள்ளே அமர்ந்தும் வெளியே எழும்பியும் நிற்கும். வீட்டில் அழுத்தியதும் திரும்பி வரும் சாதாரணப் பொத்தானையே பலர் போடுகிறார்கள். நிலை எது என்பதை விளக்கே சொல்லிவிடுவதால் பேனலும் சிமுலேட்டரும் முரண்பட வழியே இல்லை. சின்னப் பித்தலாட்டம்தான், பறக்கும்போது யாருக்கும் தெரியாது.

என்ஜினின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் லீவரிலும் ஏர்பஸ்தான் சுலபம். தானியங்கி உந்துவிசை ஓடும்போது ஏ320-இன் லீவர்கள் நகர்வதே இல்லை. சிஎல் (ஏற்றம்) என்ற பள்ளத்தில் வைத்துவிட்டால் அப்படியே இருக்கும். 737-இல் லீவர்கள் தாமே முன்னும் பின்னும் நகரும். அதை அசலாகச் செய்ய மோட்டாரும் கிளட்ச்சும் வேண்டும். செய்யாவிட்டால், தானியங்கியை விடுவித்த நொடியில் லீவர் எங்கே நிற்கிறதோ அந்த உந்துவிசைக்கு என்ஜின் துள்ளிப் போகும். 737-இன் என்ஜின் ஸ்டார்ட் சுவிட்சும் இதே ரகம். ஒரு மின்காந்தம் அதைப் பிடித்து வைத்திருந்து, என்ஜின் போதிய வேகம் எட்டியதும் ‘டக்’கென்று விட்டுவிடும். அந்தச் சத்தத்துக்காகவே போயிங் செய்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏர்பஸ் பழிவாங்கும் இடம் ஒன்று உண்டு: எஃப்சியு, அதாவது தானியங்கி விமானிக்குக் கட்டளை கொடுக்கும் பலகை. வேகம், திசை, உயரம், ஏற்ற வீதம் ஆகிய நான்கு குமிழ்களையும் திருப்பலாம், அழுத்தலாம், இழுக்கவும் செய்யலாம். கடையில் கிடைக்கும் என்கோடர் திரும்பும், அழுந்தும். இழுக்க வராது. அதற்கு என்கோடரையே ஒரு சின்ன வண்டிபோல் முன்னும் பின்னும் நகரவிட்டு, இரண்டு முனையிலும் நுண்சுவிட்ச் வைத்து, நடுவில் நிறுத்த ஸ்பிரிங் போட வேண்டும். எண்கள் காட்டும் இடத்திலும் கோடுகளும் புள்ளியும் வரவேண்டும் என்பதால் சாதாரண ஏழு துண்டு விளக்கு முழுசாக ஒத்துவராது. ஒரு சிறு எல்சிடியை உள்ளே வைப்பார்கள். அதே வேலையைச் செய்யும் 737-இன் எம்சிபி இந்த விஷயத்தில் அப்பாவி. ஏழு துண்டு விளக்குகள், பொத்தான்கள், திரும்பும் குமிழ்கள், அவ்வளவுதான்.

எழுத்துகளுக்கு மூன்று வழி: அச்சிட்ட ஒட்டி, முப்பரிமாண அச்சு, வண்ணம் பூசிய அக்ரிலிக்கை லேசரால் செதுக்குவது. பின்னாலிருந்து வெளிச்சம் வேண்டுமென்றால் மூன்றாவதைத் தவிர மற்றவற்றை யோசிக்க வேண்டாம். பால்வண்ண அக்ரிலிக்கின் மேல் சாம்பல் பூசி, எழுத்து மட்டும் சுரண்டப்படும்போது உள்ளே இருக்கும் எல்இடி அதன் வழியே கசியும். எல்இடியைப் பலகைக்கு ரொம்ப நெருக்கமாக வைத்தால் ஓர் எழுத்து பளிச்சென்றும் பக்கத்து எழுத்து மங்கியும் தெரியும். கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

மின்னணுப் பகுதியில் போட்டி, கணினியிடம் ஜாய்ஸ்டிக்காகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் தயார் பலகைக்கும், நாமே நிரல் ஏற்றும் ஆர்டுயினோ மெகா என்ற சிறு பலகைக்கும் இடையில்தான். முதலாவது செருகியதும் வேலை செய்யும், ஆனால் சிமுலேட்டரிலிருந்து செய்தி வாங்கி விளக்கை எரிக்க அது பொதுவாக உதவாது. மெகாவில் 54 டிஜிட்டல் முனைகள். மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருள் சுவிட்சையும் விளக்கையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும். முனைகள் போதாவிட்டால் எட்டு வரிசை, எட்டு நெடுவரிசை கொண்ட அணியாகக் கட்டி, பதினாறு முனையில் 64 சுவிட்சுகளைப் படிக்கலாம்.

அதில்தான் நான் மாட்டினேன். விசைப்பலகையில் விரலை எடுத்ததும் விசை எழும்பிவிடும், ஆகவே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு இல்லாமலும் சமாளிக்கலாம் என்று எண்ணி என் முதல் ஓவர்ஹெட் பகுதியை அப்படியே கட்டினேன். 737-இன் சுவிட்சுகள் எழும்புவதில்லை, ஆனில் நின்றுகொண்டே இருக்கும். அணியில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் ஆனில் இருந்தால் நான்காவது மூலையும் ஆன் என்று பலகை நம்பிவிடும். இரண்டு பம்புகளைப் போட்டு ஒரு ஜன்னல் சூடாக்கியையும் போட்டேன். தொடாமலே இன்னொரு சூடாக்கி ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு 1என்4148 டயோடு வைத்து எல்லாவற்றையும் மறுபடி பற்றவைக்க ஒரு வார விடுமுறை போனது.

இன்று ஒருவர் புதிதாகத் தொடங்குவதானால் என் கலவை இதுதான்: நடுவில் மானிட்டரும் துளையிட்ட பேனலும், எம்சிபியோ எஃப்சியுவோ நிஜக் குமிழ்களோடு, சக்கர லீவரும் ஃபிளாப் லீவரும் கட்டாயம் நிஜம், தலைக்கு மேல் தொடுதிரை. முதலில் அட்டையில் வெட்டி நிறுத்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சக்கர லீவரை நோக்கிக் கையை நீட்டுங்கள். கை போய் நிற்கும் இடத்தில் பென்சிலால் குறி வையுங்கள். ஒரு வாரம் அட்டையோடே பறந்து பாருங்கள். அதற்குள் அந்தக் குறி இரண்டு முறையாவது நகரும்.