தஞ்சாவூரில் பெரா பரிசோதனை

இந்த முறை மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போனதில் பாதி நாள் தம்பி மகளின் காதுக்காகவே ஓடியது. ஒன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

முதலில் போனது ஒரு தனியார் மையம். குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்க, பெராவை, அதாவது ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் பதிலை அளக்கும் கேட்புப் பரிசோதனையை, அவசரமாக முடித்து, இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தார்கள். வரைபடத்தைக் கேட்டோம், தரவில்லை. காதுக் கருவியின் விலைப்பட்டியல் மட்டும் கைக்கு வந்தது. எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடியற்காலையில் எழுப்பிக் கூட்டி வரச் சொன்னார்கள். ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) நெற்றியையும் காதுக்குப் பின்புறத்தையும் பசை தொட்டுத் தேய்த்து ஒயர்களை ஒட்டினார். குழந்தை பால் குடித்துத் தூங்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அசைந்தால் தசையின் மின்சாரம் மூளையின் நுண்ணிய பதிலை மூழ்கடித்துவிடும். காதுக்குள் ‘டிக் டிக்’ என்று ஒலி போகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகளுக்கான பதிலைச் சராசரி எடுத்த பிறகுதான் திரையில் அலைகள் தெளிகின்றன. அத்தனையும் ஒலி கேட்ட 10 மில்லி விநாடிக்குள் எழுபவை. ஒலியைக் குறைக்கக் குறைக்க ஐந்தாவது அலை சிறுத்து வலப்பக்கம் நகர்ந்தது. 50 டெசிபெல் வரை தெரிந்தது, 40-இல் காணோம். அதாவது நடுத்தரக் குறைபாடு. “இது பெரும்பாலும் கீச்சு ஒலிக்கான அளவுதான் சார், கனத்த ஒலிக்குத் தனியா பார்க்கணும்” என்று அடுத்த தேதியும் கொடுத்தார்.

மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் மூத்தவனுக்கும் இதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள் தம்பி மனைவி. வேண்டாம் என்றார் ஆடியாலஜிஸ்ட். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இந்த ‘டிக்’ ஒலிப் பெரா பெரும்பாலும் சரியாகவே வரும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நீனா கிராஸ் குழுவினர் பேச்சொலியை வைத்து அளந்தார்கள். வாசிப்பில் திணறும் பிள்ளைகளின் மூளை அதே ஒலிக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி மாறிப் பதில் தருகிறது என்று 2013-இல் எழுதினார்கள். நல்ல ஆய்வுதான், ஆனால் ஒரு பிள்ளைக்கு முடிவு சொல்ல அது போதாது. வாசிக்க வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அதற்காகச் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

சின்னவளுக்குக் காதுக் கருவிக்கான காது அச்சு எடுத்தாயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பெராவுக்குக் கூட்டிப் போனால் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பரிசோதனையின்போது பிள்ளை தூங்கியதா என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.